இன்று எதைப் பகிரலாம்?

இன்று இரவு 12.30 மணி முதல் 3.30 மணி வரை கைப்பேசியை அணைத்து வையுங்கள். விண்வெளியிலிருந்து காஸ்மிக் கதிர்கள் பூமியை நெருங்கி வருகின்றன. கைப்பேசி பக்கத்தில் இருந்தால் உடலுக்கு ஆபத்து. சிங்கப்பூர்த் தொலைக்காட்சியே அறிவித்துவிட்டது.

இந்தத் தகவல் உங்கள் வாட்ஸ்அப்புக்கும் ஒரு நாள் வந்திருக்கக்கூடும். பத்தாண்டுகளுக்கும் மேலாகப் பல மொழிகளில் உலகைச் சுற்றிக்கொண்டிருக்கும் தகவல் இது. ஊருக்கு ஊர் வாசகம் சற்று மாறினாலும், பல வடிவங்களில் நம் ஊரின் பெயர் ஒட்டிக்கொண்டே போகிறது. ‘சிங்கப்பூரில் சொன்னார்களாம்’ என்றால் நம்பிக்கை கூடும் என்று யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

காஸ்மிக் கதிர்கள் கற்பனை அல்ல. 1912இல் விக்டர் ஹெஸ் என்ற ஆஸ்திரிய அறிவியலாளர் பலூனில் ஐந்து கிலோமீட்டருக்கும் மேலே ஏறிச் சென்று, உயரம் கூடக் கூடக் கதிர்வீச்சு அதிகரிப்பதை அளந்து காட்டினார். அதற்காக 1936இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. இந்தக் கதிர்கள் ஏதோ ஓர் இரவில் மட்டும் வருபவை அல்ல. அவை காற்றுமண்டலத்தில் மோதும்போது மியுவான் என்னும் துகள்கள் உண்டாகின்றன. கடல் மட்டத்தில், ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு மியுவான் விழுகிறது. நீங்கள் உள்ளங்கையை விரித்துப் பிடித்தால், நொடிக்கு ஒன்று அதன் ஊடே போய்க்கொண்டிருக்கும். கைப்பேசியை அணைத்தாலும் போகும், அணைக்காவிட்டாலும் போகும்.

இவ்வளவு எளிதில் மறுக்கக்கூடிய ஒரு தகவல் ஏன் சாகாமல் இருக்கிறது? அதில் தேதி இல்லை. ‘இன்று இரவு’ என்பது எந்த நாளில் படித்தாலும் இன்று இரவுதான். சொன்னவர் யார், எந்த நிகழ்ச்சியில் சொன்னார் என்பதும் இல்லை. சரிபார்க்க ஒரு நுனிகூடக் கிடைக்காததால்தான் அது இன்னமும் புதிதாகவே இருக்கிறது.

உங்கள் புளோக்கின் வாட்ஸ்அப் குழு, தமிழ் மன்றத்தின் ஃபேஸ்புக் பக்கம், சொந்த வலைப்பூ என்று எதை நடத்தினாலும், ‘இன்று எதைப் போடுவது?’ என்ற கேள்வி வராமல் இருக்காது. கைவசம் ஒன்றும் இல்லாத நாளில்தான் வேறு குழுவில் வந்ததை எடுத்து நம் குழுவில் போடுகிறோம். காஸ்மிக் கதிர்த் தகவல் பயணம் செய்வதும் அப்படித்தான். அதற்குப் பதிலாக, பகிர்வதற்கான பொருளை நம் ஊரிலேயே எங்கெங்கு எடுக்கலாம் என்று பார்ப்போம். எல்லாவற்றுக்கும் ஒரே உரைகல் போதும்: எப்போது, எங்கே, யார் என்ற மூன்று கேள்விகளுக்கும் அதில் பதில் இருக்க வேண்டும்.

சுற்றுவதிலிருந்து எடுத்தால்

எந்த வகைச் செய்தியை மக்கள் அதிகம் பகிர்கிறார்கள் என்று ஜோனா பெர்கர், கேத்தரின் மில்க்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். நியூயார்க் டைம்ஸ் இதழின் ஏறத்தாழ 7,000 கட்டுரைகளை எடுத்துக்கொண்டார்கள். 2012இல் வெளியான முடிவு இது: வியப்பு, கோபம், பதற்றம் ஆகியவற்றைத் தூண்டும் கட்டுரைகள் அதிகம் பகிரப்பட்டன, வெறும் சோகத்தைத் தந்தவை குறைவாகப் பகிரப்பட்டன. உடலைப் பரபரக்கச் செய்யும் உணர்ச்சிதான் விரலை அசைக்கிறது.

2018இல் ‘சயின்ஸ்’ ஆய்விதழில் வந்த மற்றோர் ஆய்வு இன்னும் கவலை தருவது. 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவிய, உண்மையா பொய்யா என்று சரிபார்க்கப்பட்ட சுமார் 1,26,000 தகவல்களை மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் பின்தொடர்ந்தார்கள். உண்மையைவிடப் பொய் மறுபகிர்வு பெறும் வாய்ப்பு 70 விழுக்காடு அதிகமாக இருந்தது. 1,500 பேரைச் சென்றடைய, உண்மைக்குப் பொய்யைப்போல் ஏறத்தாழ ஆறு மடங்கு நேரம் தேவைப்பட்டது. இதற்குத் தானியங்கிக் கணக்குகளைக் குறை சொல்ல முடியவில்லை. அவற்றைக் கழித்துப் பார்த்தபோதும் முடிவு மாறவில்லை. பரப்பியவர்கள் நம்மைப் போன்ற மனிதர்கள்தாம்.

இதை உங்கள் பக்கத்துக்குப் பொருத்திப் பாருங்கள். பிறர் குழுக்களில் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருப்பவை, பரபரப்பு என்னும் சல்லடையில் சலித்து வந்தவை. மெதுவாக நகரும் உண்மைகள் பெரும்பாலும் அங்கு வந்தே சேர்ந்திருக்காது. ஆகவே அங்கிருந்து எடுப்பவர் எவ்வளவு நல்லெண்ணம் உள்ளவராக இருந்தாலும், தப்பானதை எடுக்கும் வாய்ப்பு அவருக்கு அதிகம்.

திரும்பத் திரும்பக் கேட்பதாலேயே ஒரு கூற்று உண்மைபோல் தோன்றத் தொடங்கும் என்பதை உளவியலாளர்கள் 1977இலேயே சோதனை செய்து காட்டியிருக்கிறார்கள். மூன்றாவது முறை வரும் அதே தகவல் முதல் முறையைவிட நம்பத்தகுந்ததாகத் தெரியும். அதில் புதிய சான்று எதுவும் சேர்ந்திருக்காது.

முதல் ஊற்று: கண்ணில் படுவது

பீஷான் - அங் மோ கியோ பூங்காவுக்குப் போயிருப்பீர்கள். அங்கே 2.7 கிலோமீட்டர் நீளத்துக்குக் கான்கிரீட் கால்வாயாக ஓடிக்கொண்டிருந்த நீர்வழி, 2012இல் வளைந்து நெளியும் ஆறாக மாற்றப்பட்டது. 2014 வாக்கில் அங்கே நீர்நாய்க் குடும்பம் ஒன்று குடியேறியது. ஒரு காலத்தில் சிங்கப்பூரிலிருந்து காணாமல் போயிருந்த விலங்கு அது. 1990களின் பிற்பகுதியில் சுங்கை பூலோ பக்கம் மீண்டும் தலைகாட்டி, பிறகு நகரின் நடுப்பகுதிவரை வந்துவிட்டது.

நடைப்பயிற்சிக்கு வந்தவர்களும் புகைப்பட ஆர்வலர்களும் அதைப் படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போடத் தொடங்கினார்கள். ‘இன்று காலை இத்தனை மணிக்கு, இந்தப் பாலத்துக்கு அருகில், ஐந்து பெரியவை, மூன்று குட்டிகள்’ என்ற வகைப் பதிவுகள் அவை. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக உயிரியல் விரிவுரையாளர் என். சிவசோதியும் அவருடைய மாணவர்களும் நீர்நாய்கள் எங்கெங்கு பரவியுள்ளன, எத்தனை குடும்பங்கள் உள்ளன என்று ஆராய்ந்தபோது, பொதுமக்களின் இத்தகைய பதிவுகளும் தரவாகப் பயன்பட்டன. ஆய்வாளர் ஒருவரால் தீவின் எல்லா நீர்வழிகளிலும் ஒரே காலையில் நிற்க முடியாது. காலை நடைக்குப் போகும் நூறு பேரால் முடியும்.

சமூக ஊடகம் வருவதற்கு முன்பே இதற்கு முன்மாதிரி உண்டு. புலாவ் உபின் தீவின் கிழக்கு முனையில் உள்ள செக் ஜாவா கடலோரத்தில் நில மீட்புப் பணி நடக்கவிருந்தது. 2001இல் இயற்கை ஆர்வலர்கள் அங்கே நீர் வற்றும் நேரத்தில் இறங்கி, நட்சத்திர மீன், கடல் அட்டை, கடற்பஞ்சு என்று கண்டதையெல்லாம் படம் எடுத்தும் பட்டியலிட்டும் மற்றவர்களுக்கு அனுப்பினார்கள். கூட்டம் கூட்டமாக மக்கள் அங்கே போய்ப் பார்த்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் நில மீட்புத் திட்டம் தள்ளிவைக்கப்பட்டது. இன்று செக் ஜாவாவில் நீங்கள் பலகைப் பாதையில் நடந்து அந்த உயிர்களைப் பார்க்க முடிகிறது.

‘அழகான காலை’ என்று நீர்நாய்ப் படத்தைப் போட்டாலும் நண்பர்கள் விருப்பக்குறி இடுவார்கள். அதோடு நாள், நேரம், இடம், எண்ணிக்கை ஆகிய நான்கையும் சேர்த்தால் அந்தப் படம் ஒரு சான்றாகிவிடும். ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்றினால், அது என்ன உயிரினம் என்று உலகின் எங்கோ இருக்கும் ஒருவர் பெயர் சொல்லி உதவுவார். பெயர் தெரியாத பூச்சியின் படமும் அங்கே வீணாகாது.

லிட்டில் இந்தியாவில் ஒரு மணி நேரம்

‘எங்களுக்கு நீர்நாயும் இல்லை, கடலோரமும் இல்லை’ என்பவர்கள் லிட்டில் இந்தியா எம்ஆர்டி நிலையத்தில் இறங்குங்கள். ஒரு மணி நேரம் நடந்தால் ஒரு வாரத்துக்கான பதிவுகள் கிடைக்கும்.

தேக்கா சந்தை அருகில் சோற்றுப் பருக்கைக்குச் சண்டையிடும் மைனாக்களைப் பாருங்கள். உடல் பழுப்பு நிறமாகவும் கண்ணைச் சுற்றி மஞ்சள் திட்டும் இருந்தால், அது தமிழ்நாட்டில் நாம் பார்க்கும் அதே மைனா. உடல் கருஞ்சாம்பலாகவும், அலகு மஞ்சளாகவும், கண்ணைச் சுற்றித் திட்டு இல்லாமலும் இருந்தால் அது ஜாவா மைனா. இரண்டாவதுதான் அதிகம் கண்ணில் படும். ஏறக்குறைய நூறாண்டுக்கு முன் கூண்டுப் பறவையாக வந்து தப்பிப் பெருகிய இனம் அது. இங்கே தொல்லை என்று விரட்டப்படும் இந்தப் பறவை, தன் தாயகமான ஜாவா தீவில் பிடித்துப் பிடித்து விற்கப்பட்டு அருகிவிட்டது. பத்து நிமிடம் நின்று இரண்டு வகையையும் தனித்தனியாக எண்ணி எழுதினால் அதுவே ஒரு பதிவு. அடுத்த மாதம் அதே இடத்தில், அதே நேரத்தில் மீண்டும் எண்ணினால் அது ஒப்பீடு.

அடுத்து பூசைப் பொருள் கடை. அங்கே மஞ்சளும் குங்குமமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். மரபான முறையில் குங்குமம் செய்வது மஞ்சளையும் சுண்ணாம்பையும் கொண்டுதான். மஞ்சளில் உள்ள குர்குமின் என்னும் வேதிப்பொருள் காரத்தன்மையில் சிவக்கும். வீட்டில் வெள்ளைத் தாளில் மஞ்சள் கரைசலைத் தடவி உலரவிட்டு, அதன்மேல் சோப்பு நீரை ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். அந்த இடம் சிவக்கும். எலுமிச்சைச் சாற்றை விட்டால் மீண்டும் மஞ்சளாகும். குழம்புக் கறை படிந்த வேட்டியில் சோப்புப் போட்டதும் கறை சிவப்பாக மாறி அம்மாக்களைத் திடுக்கிட வைப்பதும் இதே வேதியியல். இருபது நொடிக் காணொளிக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் கிடைக்காது. பார்ப்பவர் தம் வீட்டிலேயே செய்து சரிபார்த்துக்கொள்ளலாம் என்பது கூடுதல் சிறப்பு.

மழை வந்தால் கடைவீட்டு நடைபாதையில் ஒதுங்குங்கள். கடைகளின் முன்னால் கூரையோடு தொடர்ச்சியாகச் செல்லும் இந்த ‘ஐந்தடி’ நடைபாதைக்கு, 1822இல் ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்ட விதிமுறைகள் அடிப்படை. வெயிலும் மழையும் மாறி மாறி வரும் நிலநடுக்கோட்டு ஊருக்கு ஏற்ற கட்டட முறை இது. நண்பகலில் நடைபாதையின் நிழலிலும் எதிரே திறந்த தார்ச்சாலையோரத்திலும் வெப்பமானியை ஐந்து நிமிடம் வைத்து, இரண்டு அளவுகளையும் பகிருங்கள். வெயிலில் வைக்கும்போது வெப்பமானியின் மேல் நேரடியாக வெயில் படாமல் ஓர் அட்டையால் மறைத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் நீங்கள் அளப்பது காற்றின் வெப்பம் ஆகாது.

தெருப் பெயர்களையும் விட்டுவிட வேண்டாம். பஃபலோ ரோட்டுக்கும், எருமைத் தொழுவம் என்று பொருள்படும் கண்டாங் கெர்பாவ் என்ற மலாய்ப் பெயருக்கும் காரணம், இங்கே ஒரு காலத்தில் நடந்த மாட்டுத் தொழில். தண்ணீரும் புல்லும் கிடைத்த தாழ்வான நிலம் இது என்பதால்தான் தொழுவங்கள் இங்கே அமைந்தன. ஒரு பெயர்ப்பலகைக்குள் நிலவியல் பாடம் ஒன்று இருக்கிறது.

இரண்டாம் ஊற்று: அளந்து வைத்திருப்பது

எல்லாவற்றையும் நாமே அளக்க வேண்டியதில்லை. சிங்கப்பூரில் காற்றுத்தரம், மழை, டெங்கிப் பரவல் போன்றவற்றை அரசாங்க அமைப்புகள் அளந்து இணையத்தில் வெளியிடுகின்றன. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். ஆனால் எண்ணைப் பகிரும்போது அதன் அலகையும் நேரத்தையும் வெட்டிவிடக்கூடாது.

2013 ஜூன் 21ஆம் தேதி நண்பகலில் காற்றுத்தரக் குறியீடான பிஎஸ்ஐ 401ஐத் தொட்டது. சிங்கப்பூரில் அதுவரை காணாத அளவு அது. அன்றைய நாள்களில் பலரின் கைப்பேசிகளில் எண்களே பறந்தன. அந்த 401, மூன்று மணி நேரச் சராசரி. 24 மணி நேரச் சராசரி அதைவிடக் குறைவாக இருக்கும். எது எந்தச் சராசரி என்று தெரியாமல் இரண்டையும் ஒப்பிட்டால், ஒன்று மறைக்கப்படுவதாகத் தோன்றும். 2014 ஏப்ரல் முதல், பிஎம் 2.5 எனப்படும் நுண்துகளும் பிஎஸ்ஐ கணக்கில் சேர்க்கப்பட்டது.

இன்றும் குழப்பத்துக்கு இடம் உண்டு. 24 மணி நேர பிஎஸ்ஐ 80 என்றால் ‘மிதம்’ என்ற பிரிவு. ஒரு மணி நேர பிஎம் 2.5 அளவு 80 மைக்ரோகிராம் என்றால், அது வழக்கமான அளவைத் தாண்டிய இரண்டாம் நிலை. எண் ஒன்றுதான், பொருள் வேறு. நாளை பள்ளிச் சுற்றுலா போகலாமா என்பதற்கு முதல் எண் உதவும். இப்போது மெதுவோட்டம் போகலாமா என்பதற்கு இரண்டாவது உதவும். ‘இன்று 80’ என்று மட்டும் பகிர்ந்தால் இரண்டுக்கும் உதவாது.

டெங்கியும் அப்படித்தான். தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் இணையத்தளத்தில் டெங்கிக் குழுமங்களின் வரைபடம் உண்டு. பத்துக்கும் குறைவான நோயாளிகள் என்றால் மஞ்சள். பத்து அல்லது அதற்கு மேல் என்றால் சிவப்பு. 2020இல் இங்கே 35,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கி வந்தது. இப்படிப்பட்ட ஊரில், உங்கள் பேட்டை எந்த நிறத்தில் உள்ளது என்பதைவிட உங்கள் புளோக் குழுவுக்குப் பயனுள்ள தகவல் என்ன இருக்க முடியும்?

அதனுடன் ஒரு விளக்கத்தையும் சேர்க்கலாம். ‘கொசுவை ஒழிக்கச் சொல்லிவிட்டு அவர்களே ஏன் கொசு விடுகிறார்கள்?’ என்ற கேள்வி பல வீடுகளில் உண்டு. 2016இல் களச்சோதனையாகத் தொடங்கிய வோல்பாக்கியா திட்டத்தில் விடப்படுபவை ஆண் கொசுக்கள். ஆண் கொசு கடிக்காது; பூச்சாறுதான் அதன் உணவு. வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவைக் கொண்ட ஆண் கொசு, அந்த பாக்டீரியா இல்லாத பெண் ஏடிஸ் கொசுவோடு கூடினால், அது இடும் முட்டை பொரிக்காது. நாளடைவில் கொசுக்களின் எண்ணிக்கை குறையும். இதைத் தமிழில் ஐந்து வரியில் எழுதி அனுப்பினால், அடுத்த முறை மின்தூக்கியில் கொசு பறக்கும்போது பாட்டி பதறமாட்டார்.

மூன்றாம் ஊற்று: பழைய தாள்கள்

1887இல் ‘சிங்கை நேசன்’ வெளிவந்த ஊர் இது. 1935இல் ‘தமிழ் முரசு’ தொடங்கியது. தேசிய நூலக வாரியத்தின் இணையச் சேமிப்பில் பழைய நாளிதழ்களைப் பக்கம் பக்கமாகப் பார்க்கலாம். சிங்கப்பூர்த் தமிழ் மின்மரபுடைமைத் திட்டத்தின்கீழ், சுதந்திரத்துக்குப் பிந்தைய 50 ஆண்டுகளில் இங்கே வெளியான சுமார் 350 தமிழ் இலக்கிய நூல்களைத் தொண்டூழியர்கள் மின்வடிவாக்க உதவினார்கள். அத்தொகுப்பு 2015இல் வெளியிடப்பட்டது.

அறிவியல் எழுதுபவருக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். பெருவெள்ளம், வறட்சி, தண்ணீர்ப் பங்கீடு, அம்மை குத்தும் முகாம், சூரிய கிரகணம் எல்லாம் அன்றைய நாளிதழில் தேதியோடு இருக்கின்றன. ‘இப்படி ஒரு மழையைக் கண்டதே இல்லை’ என்று ஒருவர் எழுதும்போது, பழைய வெள்ளச் செய்தி ஒன்றை அதன் தேதியோடு நீங்கள் எடுத்து வைக்கலாம்.

தேடும்போது ஒரு சிறு தந்திரம். பழைய தாள்களில் ணை, லை, றா, னா போன்ற எழுத்துகள் பழைய வடிவில் இருக்கும். தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு ஆணையிட்டதே 1978இல்தான். பழைய அச்செழுத்தைக் கணினி தவறாக வாசிக்கக்கூடும். அதனால் தமிழ்ச் சொல்லைத் தட்டித் தேடுவதைவிட, நிகழ்ச்சியின் தேதியை முதலில் கண்டுபிடித்து அந்த நாளின் இதழைத் திறப்பது எளிது.

அனுப்பும் முன்

பொருள் கிடைத்துவிட்டது. அனுப்புவதற்கு முன் சில நிமிடங்கள் ஒதுக்குங்கள்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வரலாற்றுப் பேராசிரியர்களையும் கல்லூரி மாணவர்களையும் தொழில்முறை உண்மைச் சரிபார்ப்பாளர்களையும் உட்காரவைத்து, அறிமுகமில்லாத இணையத்தளங்களைக் காட்டினார்கள். முதல் இரு பிரிவினரில் பலர் அதே தளத்துக்குள்ளேயே மேலும் கீழும் படித்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் உடனே வேறு பக்கங்களைத் திறந்து, ‘இந்தத் தளத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள்?’ என்று தேடினார்கள். அவர்கள் விரைவாகவும் சரியாகவும் முடிவெடுத்தார்கள். பெண் பார்க்கப் போகும் வீட்டைப் பற்றி அந்த வீட்டாரிடமே கேட்காமல் அக்கம்பக்கத்தில் விசாரிப்பதுபோலத்தான் இது.

படமாக இருந்தால், கூகலின் படத் தேடலில் அதையே கொடுத்துத் தேடுங்கள். நேற்றைய வெள்ளம் என்று வந்த படம் ஐந்தாண்டுக்கு முன் வேறொரு நாட்டில் எடுத்தது என்று தெரியவரலாம். தேசிய நூலக வாரியம் 2013 முதல் நடத்திவரும் ‘ஷுவர்’ இயக்கம் சொல்வதும் இதுதான்: மூலத்தைப் பார், புரிந்துகொள், ஆராய், மதிப்பிடு.

இதற்கெல்லாம் நேரம் இல்லை என்றால், ‘இது உண்மைதானா?’ என்று ஒருமுறை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். 2021இல் ‘நேச்சர்’ ஆய்விதழில் வந்த ஆய்வில், 5,000க்கும் மேற்பட்ட ட்விட்டர் பயனர்களுக்கு ஒரே ஒரு செய்தித் தலைப்பை அனுப்பி, அது எவ்வளவு உண்மையாக இருக்கும் என்று மட்டும் கேட்டார்கள். அதன்பின் அவர்கள் பகிர்ந்த செய்திகளின் தரம் உயர்ந்தது. பலருக்கும் உண்மை பொய் பிரித்தறியத் தெரிகிறது. பகிரும் கணத்தில் அந்தக் கேள்வி மனத்தில் எழுவதில்லை, அவ்வளவுதான்.

சட்டமும் இருக்கிறது. இணையவழிப் பொய்ச் செய்திகளுக்கு எதிரான சட்டம் 2019 அக்டோபர் 2ஆம் தேதி முதல் நடப்பில் உள்ளது. 2021 நவம்பர் 21ஆம் தேதி நடப்புக்கு வந்த புதிய பதிப்புரிமைச் சட்டம், படைப்பைப் பொதுவில் பயன்படுத்தும்போது படைத்தவரின் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்ற உரிமையைத் தந்திருக்கிறது. ‘படம்: இணையம்’ என்று போடுவது பெயர் குறிப்பிடுவது ஆகாது. பெயர் போட்டுவிட்டால் அனுமதி தேவையில்லை என்றும் ஆகாது.

இடம் சொல்வதிலும் ஓர் எல்லை உண்டு. குட்டி ஈன்றிருக்கும் நீர்நாயின் வளை, கூடு கட்டியிருக்கும் அரிய பறவை, எறும்புண்ணி ஆகியவற்றின் துல்லியமான இடத்தைப் போட்டால் கூட்டம் கூடும், பிடிப்பவரும் வரலாம். அருகிவரும் இனங்களின் சரியான இடத்தை ஐநேச்சுரலிஸ்ட் தானாகவே மறைத்துக் காட்டுகிறது. உங்கள் பதிவிலும் ‘மத்திய வட்டாரத்தில்’ என்று சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். துல்லியமான குறிப்பு உங்கள் நோட்டில் இருக்கட்டும்.

மனிதர்களுக்கும் இந்த மரியாதை உண்டு. ஞாயிற்றுக்கிழமை மாலை லிட்டில் இந்தியாவுக்கு வரும் வெளிநாட்டு ஊழியர்கள் பலரின் படங்களுக்குப் பொருளாகிறார்கள். அவர்கள் வாரத்தில் கிடைத்த ஒரு விடுப்பில் நண்பர்களைப் பார்க்க வந்தவர்கள். ‘தம்பி, ஒரு படம் எடுக்கலாமா? ஃபேஸ்புக்கில் போடுவேன்’ என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். சரி என்றால் பேச்சுக் கொடுங்கள். அவருடைய ஊரில் இந்த ஆண்டு மழை எப்படி, ஏரி நிரம்பியதா என்று கேட்டால், எந்த இணையத்தளத்திலும் கிடைக்காத செய்தி கிடைக்கும்.

தமிழில் எழுதினால்

இணையத்தில் தமிழ் தவழத் தொடங்கிய நாள்களில் சிங்கப்பூர் அதன் கையைப் பிடித்திருக்கிறது. 1995இல் நான்கு மொழிச் சிங்கப்பூர்க் கவிதைகளை இணையத்தில் ஏற்றியபோது தமிழ்க் கவிதைகளும் அதில் இடம்பெறப் பாடுபட்டவர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. தமிழ் எழுத்தைத் திரையில் எப்படிக் காட்டுவது என்பதே அன்று தீராத சிக்கல். 1997 மே மாதம் இங்கே நடந்த தமிழ்நெட் 97 மாநாட்டில் அதைப் பற்றித்தான் பேசினார்கள்.

இன்று எழுத்துருச் சிக்கல் இல்லை. அந்த வழியில் எதை அனுப்புகிறோம் என்பதுதான் மிச்சமிருக்கும் சிக்கல். காற்றுத்தர எண்ணும், டெங்கி வரைபடமும், ஆய்வு முடிவும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் விரிவாகக் கிடைக்கின்றன. காஸ்மிக் கதிர்த் தகவலோ நல்ல தமிழிலேயே வந்து சேர்கிறது. தமிழ் மட்டும் படிக்கும் ஒரு பெரியவரின் கைப்பேசிக்கு எது முதலில் போகும் என்று யோசித்துப் பாருங்கள். அவர் அதை நம்பினால் அவரைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

ஆகவே ஒரு வாரம் முயன்று பாருங்கள். பிறர் அனுப்பிய எதையும் எடுக்காமல், நீங்கள் பார்த்தது, அளந்தது, தேடிக் கண்டது இவற்றில் மூன்றை மட்டும் போடுங்கள். ஒரு பதிவு இவ்வளவு இருந்தால் போதும்:

‘இன்று சனிக்கிழமை காலை 9.00 முதல் 9.10 வரை தேக்கா சந்தை வாசலில் மைனாக்களை எண்ணினேன். ஜாவா மைனா இத்தனை, நம் ஊர் மைனா இத்தனை. கண்ணைச் சுற்றி மஞ்சள் திட்டு இருந்தால் நம் ஊர் மைனா. உங்கள் புளோக்கின் கீழே எது அதிகம்? எண்ணிச் சொல்லுங்கள்.’

இத்தனை என்று உள்ள இரண்டு இடங்களிலும் உங்கள் எண்களை நிரப்புங்கள். எண்ணியவர் யார் என்று குழுவில் எல்லாருக்கும் தெரியும், சந்தேகம் இருப்பவர் சந்தை வாசலுக்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். யாராவது ஒருவர் தம் புளோக்கின் கணக்கை அனுப்பினால், உங்கள் அடுத்த பதிவுக்கான பொருளும் வந்துவிட்டது.